பீரோ நிறையத் துணி, காலையில் உடுத்த ஒன்றுமில்லை: கோளாறு எங்கே?

சென்னை மாதிரி வேர்த்துக் கொட்டும் ஊரில், பஸ்ஸோ மின்சார ரயிலோ பிடித்து வேலைக்குப் போய் வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் பெண் என்பதால் சுடிதார், புடவைக் கதை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வீட்டுக்காரரின் சட்டைப் புலம்பலும் நடுவில் வரும். முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் காலை எட்டு மணிக்குக் கேட்கிற புலம்பல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: கீழே இருக்கும் சோதனையைச் செய்யாமல் கடைக்கு மட்டும் கிளம்பாதீர்கள். நான் அப்படிக் கிளம்பிக் கிளம்பித்தான் ஒரே மெரூன் நிறத்தில் நாலு டாப் சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு சோதனை: அழுக்குக் கூடை

பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் ஒன்றும் பிடிபடாது. அதில் தொங்குவது நாம் உடுத்த ஆசைப்பட்ட துணி. நிஜமாக உடுத்துகிற துணி அழுக்குக் கூடையில் கிடக்கிறது. இரண்டு வாரத்துக்கு, மெஷினில் போடுமுன் கூடையில் என்னென்ன விழுந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். வீட்டு நைட்டியையும் சேர்த்துத்தான்.

நான் குறித்தபோது 12 வேலை நாளில் ஐந்தே ஐந்து டாப்தான் மாறி மாறி வந்திருந்தது. பீரோவில் இருந்ததோ 43. அந்த ஐந்தையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். விலையில் ஒற்றுமை இல்லை, நிறத்திலும் இல்லை. ஆனால் ஐந்துமே முட்டிக்குக் கீழே இறங்கும், கை முழங்கை வரை வரும், நான்கில் பாக்கெட் உண்டு. எனக்கு எது ஒத்துவரும் என்று எனக்குத் தெரியுமுன்னே என் கைக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் ஐந்தும் வேறு மாதிரி இருக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மிச்சத் துணியை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: உடம்புக்குச் சேராதது, ஜோடி இல்லாதது, ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்தது. எந்தக் குவியல் உயரமோ அதுதான் உங்கள் வியாதி.

“வியாழக்கிழமை வந்தால் துணி தீர்ந்துவிடுகிறது”

துணி பற்றவில்லை என்றுதான் முதலில் தோன்றும். போய்ப் பார்த்தால் பாதி கூடையில், கால்வாசி கொடியில், மீதி இஸ்திரி வண்டியில் மாட்டிக்கொண்டிருக்கும். எத்தனை செட் வேண்டும் என்பதை உங்கள் ரசனை தீர்மானிப்பதில்லை, இந்தச் சுற்றுதான் தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. எத்தனை நாளுக்கு ஒரு முறை துவைக்கிறீர்கள், காய எத்தனை நாள், இஸ்திரிக்குக் கொடுத்தால் திரும்பி வர எத்தனை நாள், இந்த மூன்றையும் கூட்டுங்கள். மேலே இரண்டு சேருங்கள், ஏனென்றால் ஒரு நாள் சாம்பார் கொட்டும், ஒரு நாள் இஸ்திரிக்காரர் சொந்த ஊருக்குப் போய்விடுவார். நாலு நாளுக்கு ஒரு முறை துவைத்து, ஒரு நாள் காயவைத்து, இரண்டு நாளில் இஸ்திரி வந்துவிடும் என்றால் 4, 1, 2, அத்தோடு 2, ஆக 9 செட். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே துவைக்கிற வீட்டுக்கு 12. இதற்கு மேல் இருக்கும் அன்றாடத் துணி எல்லாம் பீரோவை அடைக்கிற துணிதான்.

கணக்கு உதைத்தால் உடனே செட் எண்ணிக்கையை ஏற்ற வேண்டாம். இஸ்திரி நாளை வெட்டப் பாருங்கள். ஒன்பதில் ஐந்து செட்டாவது பெட்டி போடாமலே போட்டுக்கொண்டு போகக்கூடியதாக இருக்கட்டும். பனியன் துணியில் தைத்த டாப், சுருக்கமே டிசைனாக நெய்த துணி, பருத்தியில் கொஞ்சம் பாலியெஸ்டர் கலந்தது இதெல்லாம் அந்த வகை. மெல்லிய அசல் பருத்தியும் லினனும் கண்ணுக்கு அழகுதான், போட்டால் சொர்க்கம்தான், ஆனால் பஸ் சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் கசக்கிப் போட்ட பேப்பர் மாதிரி ஆகிவிடும். அதில் இரண்டு மூன்று போதும். துவைத்ததும் ஈரத்தோடு நன்றாக இரண்டு உதறு உதறி, ஹேங்கரில் மாட்டிக் காயவைத்தால் பாதிச் சுருக்கம் அங்கேயே போய்விடும். மெஷினில் ஸ்பின் முடிந்தபின் துணியை ஒரு மணி நேரம் உள்ளேயே விட்டுவைத்துவிட்டு ‘எல்லாமே கசங்குது’ என்று சொல்லிப் பயனில்லை. அது நானேதான்.

பேன்ட், லெக்கின்ஸ் எண்ணிக்கை டாப்பில் பாதி இருந்தால் போதும். உள்ளாடையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மழைக்காலத்துக் காயும் நாளைக் கணக்கில் வைத்து வாங்கிவிடுங்கள்.

“எல்லாம் நல்ல துணிதான், ஒன்றுக்கொன்று சேரவில்லை”

மூன்று துண்டும் சேர்ந்த சுடிதார் செட் வாங்குகிற வீடுகளில் இது நிச்சயம் வரும். பேன்ட் முதலில் நிறம் போகும், அல்லது ஷாலை ஆணி இழுத்துக் கிழிக்கும். டாப் புதுசாகவே அனாதையாகத் தொங்கும். அதற்கு ஜோடி தேடிப் போய், கடை விளக்கில் சரியாகத் தெரிந்து, வீட்டு வெளிச்சத்தில் வேறு நிறமாக நிற்கிற பேன்ட்டை வாங்கி வருவோம். இப்போது அனாதை இரண்டு.

வரிசையைத் தலைகீழாக்கினால் சரியாகும். முதலில் கீழே போடுவதை முடிவு செய்யுங்கள். கறுப்பு, நேவி ப்ளூ, சந்தனக் கலர், இவற்றோடு மெரூனோ பாட்டில் கிரீனோ ஒன்று. இந்த நாலு நிறத்தில் நல்ல பேன்ட் இருந்தால் டாப் பக்கம் எப்படியும் ஓட்டிவிடலாம். புதிதாக எந்த டாப் வாங்கினாலும் வீட்டில் இருக்கும் இரண்டு பேன்ட்டுக்காவது அது ஒத்துப்போக வேண்டும். ஒன்றுக்குத்தான் போகும் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். பூப்போட்ட துணியில் பேன்ட்டின் நிறம் ஒரு சின்ன இலையில் இருந்தால்கூடப் போதும், கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும். ஏற்கெனவே அனாதையாக இருக்கும் ப்ளெயின் டாப்புகளுக்கு, பல நிறம் கலந்த ஒரே ஒரு காட்டன் ஷால் மூன்று நான்கை மீட்டுக் கொடுக்கும்.

வெள்ளை விஷயத்தில் கவனம். வெள்ளை, ஆஃப் ஒயிட், கிரீம் மூன்றும் மூன்று சாதி. தூய வெள்ளை டாப்புக்குக் கீழே கிரீம் லெக்கின்ஸ் போட்டால் லெக்கின்ஸ் அழுக்காக இருப்பது போலத்தான் தெரியும்.

இன்னொன்று, லெக்கின்ஸ் முட்டியில் பை மாதிரி தொங்கினால் அது வாங்கிய இடத்தின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு இழுவை கொடுப்பது அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் கலந்திருக்கும் லைக்ரா. சூடு பட்டால் அது செத்துப்போகும். சுடுதண்ணீர், இஸ்திரிப் பெட்டி, மொட்டை மாடி உச்சி வெயில் மூன்றையும் அதற்குக் காட்டாதீர்கள்.

“காட்டன் என்றுதான் கொடுத்தார்கள், ஆனால் வேர்த்து நாறுகிறது”

கடையில் ‘காட்டன்’ என்ற சொல் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறது. காட்டன் மாதிரி இருப்பதும் காட்டன், காட்டன் கலந்ததும் காட்டன், தொட்டால் மெத்தென்று இருந்தால் அதுவும் காட்டன். ஜார்ஜெட், கிரேப் என்று அன்றாட விலையில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், பருத்தி இழை சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காடு கூட வாங்காது. வேர்வை உடம்பிலேயே நிற்கும். அதோடு பாலியெஸ்டருக்கு எண்ணெய்ப் பசை மேல் ஒரு தனிப் பாசம். உடம்பின் எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டு துவைத்தாலும் முழுக்கப் போகாமல், மறுபடி போட்டு அரை மணி நேரத்தில் பழைய வாடையைக் கிளப்பிவிடும்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு சோதனை. உள்மடிப்பில் துருத்திக்கொண்டிருக்கும் நூலில் கொஞ்சம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி பேப்பர் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். கலப்பு என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். தையல் நூலை எடுத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். துணியில் ஓடும் இழையை எடுங்கள். ரேயானும் பருத்தி போலவே எரியும், அதனால் இந்தச் சோதனையில் அது தப்பித்துக்கொள்ளும். தப்பித்தால் போகட்டும், ரேயான் வேர்வையை நன்றாகவே உறிஞ்சும். ஈரத்தில் அதற்கு வலு குறைவு என்பதுதான் குறை. முறுக்கிப் பிழியாமல் இருந்தால் போதும்.

எரித்துப் பார்த்தும் அசல் பருத்திதான், இருந்தும் வேர்க்கிறது என்றால் டாப்பை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். லைனிங் பாலியெஸ்டராக இருக்கும். மேலே நூறு ரூபாய்த் துணி, உடம்பில் படுவது பத்து ரூபாய்த் துணி. ரெடிமேடில் இது சகஜம். தையல்காரரிடம் கொடுத்தால் லைனிங்கைப் பிரித்து எடுத்துவிட்டு மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் மாற்றித் தருவார். உடம்பு தெரியாத அளவுக்குத் துணி கெட்டியாக இருந்தால் லைனிங்கே வேண்டாம் என்று எடுத்துவிடலாம்.

ஏற்கெனவே வாடை ஏறிய பாலியெஸ்டருக்கு: ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி அரை மணி ஊறவைத்து, அலசி, பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். கம்ஃபர்ட் வகை வாசனைத் திரவத்தை அதற்கு ஊற்ற வேண்டாம். அது இழை மேல் இன்னொரு பூச்சைப் போட்டு வாடையை உள்ளே பூட்டிவிடும்.

“புடவை 20 இருக்கிறது, ப்ளவுஸ் ஒன்றுகூட ஏறவில்லை”

இந்தத் தலைப்பில் நான் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். புடவை ஐந்தரை மீட்டர், எந்த உடம்புக்கும் சேரும், பத்து வருடம் ஆனாலும் சேரும். அதை உடுத்த முடியாமல் செய்வது 80 சென்டிமீட்டர் ப்ளவுஸ் துண்டு. புடவைக்காரர்கள் பீரோவில் பாதிக் கோளாறு இந்தத் துண்டில்தான் இருக்கிறது.

முதலில், ஏறாத ப்ளவுஸ்களைத் தூக்கிப் போடுமுன் விலாப் பக்கத்தை உள்ளே பாருங்கள். நல்ல தையல்காரர் அங்கே ஒரு அங்குலமாவது துணி விட்டிருப்பார், இரண்டு மூன்று வரி தையலும் ஓட்டியிருப்பார். உள்வரியைப் பிரித்தால் பக்கத்துக்கு அரை அங்குலம் கிடைத்தாலும் சுற்றளவில் இரண்டு அங்குலம் லூஸ் ஆகும். ஒரு பக்கத்தில் முன்துண்டும் பின்துண்டும் ஆளுக்கு அரை அங்குலம், இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு. பலர் இதைக் கணக்குப் போடாமல் ‘அரை அங்குலம் பிரிச்சு என்ன ஆகப்போகுது’ என்று விட்டுவிடுகிறார்கள். பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரிந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

உடம்பில் சரியாக இருக்கிறது, கையைத் தூக்கினால் மட்டும் ப்ளவுஸ் முழுக்க மேலே ஏறுகிறது என்றால் சுற்றளவைத் தொட வேண்டாம். கை ஏறுகிற வளைவு ரொம்ப இறக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது. பஸ் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. தைத்து முடித்ததில் சரிசெய்வது கஷ்டம், அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு ஒட்டுப் போடலாம், அவ்வளவுதான். அடுத்த முறை அளவு கொடுக்கும்போது கையைத் தூக்கிக் காட்டிக் கொடுங்கள். எங்கள் தெருத் தையல்கார அக்கா டேப்பை வைத்துக்கொண்டு, “பஸ்ல போற கையைத் தூக்கு” என்றுதான் சொல்வார்.

துவைத்தபின் ப்ளவுஸ் சின்னச் சின்னதாகச் சுருங்கி முகம் சுளித்தது போல ஆகிறதா? மேல் துணி சுருங்கவில்லை, உள்ளே இருக்கும் காட்டன் லைனிங் சுருங்கி மேல் துணியை இழுக்கிறது. லைனிங் துணியை வாங்கியதும் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, பெட்டி போட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும். புடவை ஃபாலுக்கும் இதே வைத்தியம். ஊறவைக்காத ஃபால் முதல் துவைப்பிலேயே கொசுவத்தின் அடியை இழுத்துப் பிடிக்கும். தையல்காரரே செய்வார் என்று நம்பாதீர்கள். பண்டிகை நேரத்தில் அவரிடம் கொடி காலியாக இருக்காது.

இனி வாங்க வேண்டியது என்ன என்றால், ஒவ்வொரு அன்றாடப் புடவைக்கும் அதன் ப்ளவுஸைத் தைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கறுப்பு, மெரூன், மங்கிய தங்க நிறம், பல நிறம் விழுந்த ஒரு கலம்காரி, இந்த நான்கும் நன்றாகப் பொருந்துவதாக இருந்தால் வேலைக்குக் கட்டும் காட்டன் புடவைகளில் பெரும்பாலானவை நடமாடத் தொடங்கும். கூடவே வந்த 80 சென்டிமீட்டரை வெட்டித் தனியாக, எந்தப் புடவையுடையது என்று பெயர் எழுதி வைத்துவிடுங்கள். முழங்கை வரை கை வேண்டும் என்றாலோ உடம்பு கொஞ்சம் கூடுதல் என்றாலோ 80 பற்றாது, ஒரு மீட்டர் எடுக்க வேண்டும். இது தெரியாமல் கொடுத்துவிட்டுப் பிறகு ‘கை ஏன் குட்டையாயிடுச்சு’ என்று சண்டை போட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது.

“முதல் துவைப்பிலேயே குட்டையாகிவிட்டது, சாயமும் போகிறது”

தறியிலும் அதன்பின் பதப்படுத்தும்போதும் நூலை இழுத்துப் பிடித்தே வேலை நடக்கிறது. தண்ணீர் பட்டதும் நூல் தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறது, அதைத்தான் சுருங்கிவிட்டது என்கிறோம். பதப்படுத்தாத பருத்தி 5 விழுக்காடு சுருங்கினால் ஆச்சரியமில்லை. 42 அங்குல நீள டாப்பில் அது இரண்டு அங்குலத்துக்கு மேல், அதாவது முட்டியை மூடியதற்கும் மூடாததற்கும் உள்ள தூரம். இதைத் துணியாக இருக்கும்போதே சுருக்கிவிடும் முறைக்கு 1930இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் க்ளூவெட் காப்புரிமை பெற்றார். துணி ஓரத்தில் ‘சான்ஃபரைஸ்டு’ என்று பார்த்தால் அவர் பெயர்தான். அந்தச் சொல் இல்லாத கட் பீஸ் எதையும் ஊறவைக்காமல் தைக்கக் கொடுக்காதீர்கள். ரெடிமேட் காட்டன் டாப் வாங்கினால் நீளத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாகவே எடுங்கள்.

ஏற்கெனவே குட்டையாகிவிட்டதா? அடி மடிப்பைப் பிரித்தால் ஒரு அங்குலம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பார்டர் துணி ஒன்றை வாங்கி அடியில் வைத்துத் தையுங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சாயத்துக்கு உப்புப் போட்டு ஊறவைக்கச் சொல்லாத அம்மா இல்லை. சாயம் ஏற்றும் பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது. அந்த மிச்சச் சாயம் வெளியே வந்துதான் தீரும். சுங்குடி மாதிரி அடர் நிறத் துணியை முதல் மூன்று நான்கு முறை தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் சட்டென்று அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி நிழலில் போடுங்கள். வேறு துணியில் சாயம் ஏறிவிட்டால் அது காயுமுன் திரும்பத் துவையுங்கள். காய்ந்து, இஸ்திரியும் போட்டுவிட்டால் அந்தச் சட்டை இனி தூசி தட்டத்தான்.

போர் தண்ணீர் வீடுகளில் சாயம் போகாமலே துணி மங்கும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத படிவமாகி இழையில் உட்கார்ந்துகொள்கிறது. பவுடரை அதிகம் கொட்டினால் இன்னும் மோசம். அளவைக் குறைத்து, கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் கிடைக்குமா பாருங்கள்.

“ஆன்லைனில் ஒரு தடவை 40 சேர்கிறது, அடுத்த தடவை 40 தொங்குகிறது”

உடம்பை அளக்காதீர்கள், நன்றாகச் சேருகிற ஒரு டாப்பை அளந்து வையுங்கள். தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். இடுப்பும் அப்படியே. தோள், நீளம், கை நீளத்தைப் பெருக்க வேண்டாம், அளந்தது போதும். ஐந்து எண்களை ஃபோனில் குறித்துவைத்து, சைஸ் பட்டியலில் ‘துணியின் அளவு’ என்று இருப்பதோடு ஒப்பிடுங்கள். சில பட்டியலில் 40 என்பது துணியின் சுற்றளவு, சிலவற்றில் 40 அங்குல உடம்புக்கு ஆனது. இரண்டுக்கும் நடுவே இரண்டு நாலு அங்குலம் ஓடும். அவ்வளவுதான் ரகசியம்.

“பஸ்ஸில் வேர்க்கிறது, ஆபீசில் நடுங்குகிறது”

மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டு உட்காருகிற ஒரே ஊர் நம் ஊர் ஆபீஸ்தான். இதற்கெனக் கெட்டித் துணி வாங்கினால் பஸ்ஸில் செத்துவிடுவோம். மெல்லிய பருத்தியே போட்டுக்கொண்டு போய், ஆபீஸ் டிராயரில் டாப்புக்கு மேல் போட்டுக்கொள்ளும் ஒரு கறுப்பு அல்லது சாம்பல் நிற ஷ்ரக்கை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். எல்லா டாப்புக்கும் சேரும். வாரக் கடைசியில் துவைக்க வீட்டுக்கு எடுத்து வர மட்டும் மறக்காதீர்கள்.

“வெள்ளைச் சட்டையில் காலர் நைந்துவிட்டது, அக்குள் மஞ்சள்”

இது வீட்டுக்காரர் துறை. சட்டையின் மற்ற இடமெல்லாம் புதுசு, காலர் மடிப்பு மட்டும் நைந்து நூல் தெரிகிறது என்றால், காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கச் சொல்லுங்கள். அடியில் இருந்த நல்ல பக்கம் மேலே வந்துவிடும். அந்தக் காலத்தில் எல்லாத் தையல் கடையிலும் செய்தார்கள், இப்போதும் வயதான தையல்காரர்கள் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். பேன்ட் தொடை இடுக்கில் தேய்ந்தால் ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், மெலிந்த நிலையிலேயே உள்ளே ஒரு துண்டு வைத்து டார்னிங் (நெருக்கமாக ஓட்டும் தையல்) போட்டுவிட வேண்டும்.

மஞ்சள் கறை வெறும் வேர்வையால் வருவதில்லை. வேர்வையை நிறுத்தும் அக்குள் பூச்சுகளில் இருக்கும் அலுமினிய உப்பும் வேர்வையும் சேர்ந்து படிவது அது. குளோரின் ப்ளீச் ஊற்றினால் இன்னும் மஞ்சளாகும். வினிகரோ எலுமிச்சையோ தேய்த்து அரை மணி வைத்து, அலசி, பிறகு துவைத்தால் புதுக் கறை இறங்கும். சொட்டு நீலம் கறையை எடுக்காது, மஞ்சளை நீலத்தால் மறைக்கும். கறை போனதை உறுதி செய்துகொள்ளாமல் இஸ்திரி வைக்காதீர்கள், சூடு அதை நிரந்தரமாக்கிவிடும்.

சட்டைத் துணியாக எடுத்துத் தைப்பவர்கள் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, கேட்டு எடுங்கள். முழுக்கைச் சட்டைக்கு 36 அங்குலப் பன்னாவில் இரண்டேகால் மீட்டருக்குக் குறையாமல் வேண்டும், 58 அங்குலத்தில் 1.60 போதும். மீட்டர் விலையை மட்டும் பார்த்து ‘இது மலிவு’ என்று எடுத்து ஏமாறுவது இங்கேதான்.

“மழைக்காலத்தில் ஒன்றும் காயவில்லை, பீரோவில் பூஞ்சணம்”

ஐப்பசி கார்த்திகைக்கு மேலே சொன்ன கணக்கில் காயும் நாளை மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு ஏன் உதைக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் பாலியெஸ்டர் கலந்த துணிதான் தெய்வம். அதில் மூன்று செட் தனியாக இருக்கட்டும். கெட்டி ஜீன்ஸை மறந்துவிடுங்கள்.

காயாத துணியை ஃபேனுக்கு அடியில் போடும்போது இரண்டுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி வேண்டும். முக்கால் காய்ந்த துணிக்கு இஸ்திரி போட்டு உடனே மடித்து வைத்தால்தான் பூஞ்சணம் வரும். பெட்டி சூடு ஆறி, துணி காற்றில் ஒரு மணி நேரம் தொங்கிய பிறகு உள்ளே வையுங்கள். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டாம், இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து.

“பத்திரமா இருக்கட்டும்” குவியல்

பட்டுப் புடவை அன்றாடத் துணி இல்லை, அதனால் சுருக்கமாக. பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு ஓரத்தில் இழை விட்டுப்போகும். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படக்கூடாது, ஜரிகை கறுக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தைக்குப் போர்த்தவே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அந்த நாஃப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

ஆனால் இந்தக் குவியலில் பட்டைவிட அதிகம் இருப்பது ‘நல்ல’ காட்டன் புடவைகளும் ‘நல்ல’ டாப்புகளும்தான். அடுத்த திங்கட்கிழமை ஒன்றை எடுத்து வேலைக்குப் போட்டுக்கொண்டு போங்கள். சௌகரியமாக இருந்தால் அது கூடைக் கணக்கில் சேரட்டும். பத்து மணிக்குள் கழற்றத் தோன்றினால் தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ, நிறம் மங்குமுன்.

“இவ்வளவும் பார்த்தாச்சு, இன்னும் குறைகிறது”

சரி, இப்போது கடைக்குப் போகலாம். ஆடித் தள்ளுபடியாகவே இருக்கட்டும், தப்பில்லை. முதலில் குறித்த ஐந்து டாப்பின் ஒற்றுமையைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை செட் குறைகிறது என்ற எண்ணும் அதில் இருக்கட்டும். ஜோடி சேர வேண்டிய பேன்ட்டையே பையில் எடுத்துப் போங்கள். பிடித்ததைக் கடை விளக்கில் முடிவு செய்யாமல், விற்பனைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பேன்ட்டின் மேல் வைத்துப் பாருங்கள். பாக்கெட் இல்லாத டாப்பாக இருந்தால் பக்கத் தையலில் ஒன்று வைக்கத் தையல்காரர் கேட்கிற கூலியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நிறத்துத் துண்டு கிடைக்காவிட்டால் கறுப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள், உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.